சாரத்தை இறுக்கிக் கட்டிய அண்ணன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் அருமனைக்கும் இடையில், வீட்டு முற்றம் முடிகிற இடத்திலேயே ரப்பர் மரங்கள் தொடங்கிவிடுகிற ஓர் ஊரில், செப்டம்பர் மாதக் கடைசியில் அந்த அண்ணனை முதன்முதலாகப் பார்த்தேன். மரம் மரமாகச் சென்று, பால் பிடிக்கும் தேங்காய்ச் சிரட்டையின் அடியில் உறைந்து கிடந்த ரப்பர்ப் பாலை, அதாவது ஒட்டுப்பாலை, எடுத்துக்கொண்டிருந்தார். நகத்தால் ஓரத்தை நெம்பி, கிழியாமல் ஒரே இழுப்பில் அதை உரித்தெடுப்பது எளிதன்று. எனக்கு இன்றுவரை கைவரவில்லை. அவர் எடுத்து இடுப்புக் கூடையில் போட்டுவிட்டு, சிரட்டையை உள்ளங்கையால் துடைத்து, மழைத்தண்ணீர் நிறையாதபடி கம்பியில் கவிழ்த்து வைத்தார். வயது 44. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவர். பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்றும், இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வதே செய்யக்கூடியது என்றும் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தோடு அவருடைய அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

நான் வீடு தேடிச் சென்று நோய்த்தணிப்புச் சிகிச்சை அளிக்கும் குழுவொன்றில் செவிலியர். ஊரில் இதைப் 'பாலியேட்டிவ்' என்றே சொல்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையோடு இதுவும் வீட்டுக்கே வரத் தொடங்கிய பிறகு, பையோடு வாசலில் நின்றால் 'என்ன விக்க வந்தீங்க?' என்று கேட்பவர்கள் குறைந்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கு இது முற்றிலும் புதிதும் அன்று. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிநிவாரண மருத்துவமனையும், திருவனந்தபுரத்தில் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் 2003-இல் தொடங்கிய பாலியம் இந்தியாவும் மாநில எல்லைக்கு அப்பால் இருந்தாலும், புற்றுநோய் என்றதும் மார்த்தாண்டத்தில் திருவனந்தபுரம் பேருந்து ஏறுகிற எங்கள் மக்களில் பலர் மார்ஃபின் மாத்திரையை அங்கேதான் முதலில் பார்த்தார்கள்.

வலியைப் பற்றி நோயாளியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குக் கற்றுத்தந்த முறை ஒன்று உண்டு. வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாத வலியென்றால் பத்து, உங்கள் வலி எத்தனை என்று கேட்க வேண்டும். எண் தெரியாதவர்களுக்கு ஆறு முகங்கள் வரைந்த அட்டை. சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியும். அட்டையை அண்ணனிடம் நீட்டினேன். ஆறு முகங்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவன் யாரு?" என்று கேட்டார். அது சரியான கேள்வி. அவர் அதுவரை பார்த்த படங்களெல்லாம் யாரோ ஒருவருடைய படங்கள். அவருடைய வயிற்றைக் காட்டும் படம் எதுவும் அவற்றில் இல்லை.

அட்டையை மடித்து வைத்துவிட்டு வாயால் கேட்டேன்.

"நோவு உண்டா அண்ணே?"

"உண்டு."

"இல்லியா?"

"இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். "அவனுக்கு நோவு ஒண்ணும் இல்ல சிஸ்டரே, எப்பவும் சிரிச்சிட்டுதான் கெடக்கான்," என்றார் அக்கா. நான் குறிப்பேட்டில் பூஜ்யம் என்று எழுதினேன். மாத்திரை கையில் இருந்தும், அடுத்த 11 நாட்கள் அவர் அந்தப் பூஜ்யத்தோடு கிடந்தார். இதை எழுதும்போது அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து மிகவும் அழகாக இருக்கிறது.

உண்மையைச் சொன்னவர் வீட்டுக்காரர் அல்லர், மருத்துவரும் அல்லர். 19 ஆண்டுகளாக அந்த ரப்பர்த் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் பால்வெட்டுக்கு வருகிறவர். கட்டன்சாயா குடிக்க முற்றத்துக்கு வந்தவர், போகிற போக்கில், "இவன் என்ன சாரத்தை அவுத்து அவுத்துக் கட்டுகான்? வயறு சரியில்ல போல. முன்னாடி பசி பொறுக்காட்டா இப்படித்தான் இறுக்கிக் கட்டுவான். பின்ன, இது அவனுக்க சிரிப்பும் இல்ல," என்றார். சாரம் என்றால் எங்கள் ஊரில் கைலி. அண்ணனுடைய சிரிப்பு வாய் நிறையத் திறந்து, தோள் குலுங்கி, முடிவில் ஒரு பெருமூச்சோடு நிற்குமாம். இப்போது வருவது உதட்டோடு நின்றுவிடுகிற, மூச்சை உள்ளிழுக்கும் சிறு சிரிப்பு. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் இவரோடு நடந்தவருக்கு, இருட்டில் காதால் கேட்டே அந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது.

பேச்சால் வலியைச் சொல்ல இயலாதவர்களின் துன்பத்தைக் கண்டறிய இங்கிலாந்தின் நார்தம்பர்லேண்டு பகுதியில் கிளாட் ரெக்னார்டு என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 'டிஸ்டாட்' என்ற படிவத்தை உருவாக்கினார்கள். அதில் மதிப்பெண் கிடையாது. ஒருவர் நிம்மதியாக இருக்கும்போது அவர் முகம், குரல், கண், தோல், உட்காரும் விதம், பழக்கவழக்கம் எப்படி இருக்கின்றன, துன்பத்தில் இருக்கும்போது அவையே எப்படி மாறுகின்றன என்று, அவரை நெருக்கமாக அறிந்தவர்களைக் கேட்டு எழுதி வைப்பதுதான் அந்தப் படிவம். அதன் பின்னால் இருக்கிற கண்டுபிடிப்பு எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது: வலிக்கென்று எல்லோருக்கும் பொதுவான தனி அடையாளம் எதுவும் கிடையாது. ஒருவர் முகம் சுளிப்பார், ஒருவர் ஊமையாகிவிடுவார், ஒருவர் தன் கையைக் கடிப்பார், ஒருவர் சிரிப்பார். பயத்துக்கும் பசிக்கும் வலிக்கும் ஒரே அடையாளமே வரலாம். ஆகவே அடையாளத்தைக் கண்டால் 'துன்பம் இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்ல முடியும். எதனால் என்பதைப் பிறகு ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

நான் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இடப்பக்கத்தில் 'நல்லா இருக்கும்போது', வலப்பக்கத்தில் 'சரியில்லாதபோது'. அக்கா, அக்காவின் மகள், பால்வெட்டுக்காரர் மூவரும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். இடப்பக்கம் வேகமாக நிறைந்தது: மட்டிப்பழத்தைத் தோலுரித்து முதல் துண்டை ஆட்டுக்குக் கொடுப்பார், கஞ்சிக்குப் பயறு இல்லாவிட்டால் தட்டைத் தள்ளுவார், மார்த்தாண்டம் பேருந்து ஹாரன் அடித்தால் கையைத் தூக்குவார். வலப்பக்கத்தில் சாரமும் அந்தச் சிறு சிரிப்பும் ஏறின. பேருந்துக்குக் கை தூக்குவதை அவர் நிறுத்தி இரண்டு வாரமாயிற்று என்பதை, எழுதும்போதுதான் அக்காவே கவனித்தார்.

வலிதான் காரணமா என்று உறுதியில்லாதபோது, மருந்தைக் கொடுத்து அடையாளம் குறைகிறதா என்று பார்ப்பதே நேர்மையான சோதனை. முதலில் பாராசிட்டமால், பிறகு மருத்துவரின் அறிவுரைப்படி நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை 5 மில்லிகிராம் மார்ஃபின். மூன்றாம் நாள் சாரம் ஒழுங்காக நின்றது, பேருந்துக்குக் கை எழுந்தது. பத்து நாள் கழித்து மறுபடியும் இறுக்கிக் கட்டத் தொடங்கினார். நோவு கூடிவிட்டது, மாத்திரையைக் கூட்டலாம் என்று அக்கா சொல்ல, நானும் அரை மனதாகச் சம்மதித்துவிட்டேன். கிளம்பும்போது, வெளிக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று கேட்கத் தோன்றியது. ஐந்து நாள். மார்ஃபின் மலத்தை இறுக்கிவிடும் என்பதை அறியாத செவிலியர் கிடையாது. மலமிளக்கியும் எழுதிக் கொடுக்கப்பட்டுத்தான் இருந்தது. கசக்கிறது என்று அவர் துப்பியதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாத்திரையைக் கூட்டியிருந்தால் துன்பம் இரட்டிப்பாகியிருக்கும். ஒரே அடையாளம், வேறு காரணம். அதையும் வலப்பக்கத்தில் எழுதினோம்.

இதற்கு முந்தைய மாதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓராண்டாகவே அவர் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறார், மெலிந்திருக்கிறார், இரவில் முற்றத்தில் நடந்திருக்கிறார். கூட்டிப்போன ஓரிடத்தில், 'இவங்க இப்படித்தான் சேட்டை பண்ணுவாங்க' என்று சொல்லி வைட்டமின் கொடுத்திருக்கிறார்கள். இன்னோரிடத்தில் மனநலப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அறிவுசார் குறைபாட்டையும் மனநோயையும் ஒன்றாகக் கருதுகிற பழக்கம் நம்மிடம் படித்தவர்களிடையேயும் உண்டு. குறைபாட்டின் நிழலில் வேறு நோய் மறைந்துபோகிற இந்த வழக்கத்துக்கு அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் உடன் ஆய்வாளர்களும் 1982-இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்ததால் வழக்கம் நின்றுவிடவில்லை.

அவரை எப்படி அழைப்பது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழில் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. அந்த வீட்டில் எல்லோருக்கும் அவர் 'தம்பி'. அக்காவின் மகள் பெற்ற பிள்ளைகள்கூட அவரை 'நீ, வா, போ' என்றுதான் அழைத்தார்கள். மருத்துவர்கள் அவர் முன்னாலேயே அக்காவிடம், 'அவனுக்கு எங்க வலிக்குது?' என்று கேட்டிருக்கிறார்கள். அவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர் என்பதால் நான் இயல்பாகவே 'அண்ணே, இரிங்க' என்றேன். அவர் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். நான்காவது முறை போனபோது, 'அண்ணே' என்றதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பயிற்சி வகுப்புகளில் கண்மட்டத்தில் உட்கார்ந்து பேசவும், சிறு வாக்கியங்களாகச் சொல்லவும், பதிலுக்குக் காத்திருக்கவும் கற்றுத்தருகிறார்கள், எல்லாம் தேவைதான். ஆனால் 'நீங்க' என்ற ஒரு சொல் அவரிடம் செய்த வேலையை என் பையில் இருந்த வேறெதுவும் செய்யவில்லை.

கேள்வி கேட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சிறு வயதிலிருந்து அதட்டப்பட்டு வளர்ந்தவர்கள் எதற்கும் 'ஆமா' என்று சொல்லிப் பழகியிருப்பார்கள். ஆமா என்றால் அதட்டல் நின்றுவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கடைசியாகக் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வார்கள். 'நோவு வயித்துலயா, காலுலயா?' என்று கேட்டால் 'காலுல'. சிறிது நேரம் கழித்து, 'காலுலயா, வயித்துலயா?' என்று மாற்றிக் கேட்டால் 'வயித்துல'. இப்படி வந்தால் இரண்டும் பதிலல்ல என்று கொள்ள வேண்டும். நான் கடைசியில் கேட்பதைக் குறைத்துக்கொண்டு காட்டத் தொடங்கினேன். அவருடைய கட்டில், அவருடைய டம்ளர், மாத்திரை அட்டை, ஆட்டோ, மருத்துவமனை வாசல் எல்லாவற்றையும் என் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். இணையத்தில் கிடைக்கும் பொம்மைப் படங்களைவிட, தம் வீட்டுச் சொளகின் படம் அவருக்குப் புரிந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் கடினமானது. நோயைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "அவனுக்கு ஒண்ணும் புரியாது மக்களே. புரிஞ்சா பயந்துருவான்." ஒரே மூச்சில் சொன்ன இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதை நான் அப்போது சுட்டிக்காட்டவில்லை. 62 வயதில், 30 ஆண்டுகளாகத் தம்பியைத் தூக்கிச் சுமக்கிறவரிடம் அது வீம்பாக இருந்திருக்கும்.

நவம்பரில் வாடகைக்கு ஒரு கட்டில் கொண்டுவந்து போட்டோம். இரவானால் அண்ணன் அதில் படுக்க மறுத்தார். தள்ளினார், ஒருநாள் கடித்தார். தூக்க மாத்திரை எழுதித் தரும்படி அக்கா கேட்டார். மருத்துவரை அழைக்கக் கைபேசியை எடுத்தபோது, அண்ணன் சுவரில் பிளாஸ்டிக் மாலையோடு தொங்கிய அப்பாவின் படத்தைக் காட்டி, "அப்பா தூங்கி. போச்சு," என்றார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அப்பா இறந்தபோது, பார்த்தால் பயந்துவிடுவான் என்று அவரை மூன்று நாட்கள் கருங்கலில் அத்தை வீட்டில் விட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அப்பா எங்கே என்று கேட்டதற்கு, 'அப்பா தூங்குறாரு' என்று சொல்லியிருக்கிறார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல. எங்கள் சபைகளில் அச்சடிக்கும் மரண அறிவிப்பிலேயே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றுதான் இருக்கும். யோசித்துப் பார்த்தால், சாவுக்குத் தமிழில் நாம் சொல்லும் நல்ல சொற்கள் எல்லாமே இவரைப் போன்றவர்களுக்கு ஆபத்தானவை. தவறிவிட்டார் என்றால் என்ன தவறு செய்தார்? போய்விட்டார் என்றால் எப்போது திரும்புவார்? சாமிகிட்டப் போயிட்டார் என்றால் நாமும் ஒருநாள் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்க்கலாமே? தூங்கினவர் கட்டிலோடு காணாமல் போனார் என்று ஆறு ஆண்டுகளாக நம்பியிருந்த ஒருவரிடம், நாங்கள் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு, தூங்கு தூங்கு என்றோம்.

மெத்தையைத் தரையில் இறக்கினோம். 'தூங்கு' என்ற சொல்லை அந்த வீட்டில் நிறுத்தினோம். "படுங்க அண்ணே. காலையில எழும்பி சாயா குடிக்கலாம்," என்றுதான் சொன்னோம். தூக்க மாத்திரை தேவைப்படவில்லை.

அதன் பிறகு அக்காவே கேட்டார், என்னதான் சொல்வது என்று. இந்தத் துறையில் நெடுங்காலம் பணியாற்றிவரும் ஐரீன் டஃப்ரி-வைன் என்ற செவிலியர் பேராசிரியர் வற்புறுத்துகிற ஒன்றை நான் பின்பற்றினேன்: கெட்ட செய்தியை ஒரு மூட்டையாகக் கட்டி ஒருநாள் இறக்கிவைக்க முயலக் கூடாது, அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது என்ன என்று பார்த்து, அதன் மேல் சிறு சிறு துண்டுகளாக, இன்றைக்கு வேண்டியதை மட்டும், பலர் பலமுறை சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்தவை: வயிறு நோகிறது, மாத்திரை நோவைக் குறைக்கிறது, முன்போல மேட்டில் ஏற முடியவில்லை. அதிலிருந்து தொடங்கினோம். "வயித்துக்குள்ள ஒரு கட்டி இருக்கு. அதான் நோவுது." இரண்டு நாள் அவ்வளவுதான். பிறகு, "மாத்திரை நோவைக் குறைக்கும். கட்டி போவாது."

நடுவில் அக்கா ஒரு உவமை சொல்லிப் பார்த்தார். பழைய மரத்தில் பால் வற்றுவதில்லையா, அதுபோலத்தான் மக்கா உடம்பும் என்றார். எனக்கே அது அழகாக இருந்தது. மறுநாள் அண்ணன் நடக்க முடியாத நிலையிலும் தடியை ஊன்றிக்கொண்டு மரம் மரமாகப் போய்ச் சிரட்டையில் பால் விழுகிறதா என்று பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் விழுந்ததால், தமக்கு நோய் தீர்ந்துவிட்டது என்று வந்து சொன்னார். உவமையைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு வாரம் பிடித்தது.

அப்பாவைப் பற்றியும் சொன்னோம். "அப்பா செத்துப்போயிட்டாரு அண்ணே. அவருக்க உடம்பு வேலை செய்யல. இனி வரமாட்டாரு." செத்து என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆட்டோவில் சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனோம். அண்ணன் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "குளிருமா?" என்று கேட்டார். "இல்ல அண்ணே. செத்தவங்களுக்குக் குளிராது, நோவாது, பசிக்காது." இதை நான் அன்று நான்கு முறையும் அடுத்த வாரங்களில் கணக்கில்லாமலும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அதே சொற்களில்தான். சொல் மாறினால் செய்தியும் மாறிவிட்டதோ என்று தேடுவார்.

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த மாலையில், அவர் என்னிடம், "எனக்கும் கல்லறையா?" என்றார். அக்கா அடுக்களை வாசலில் நின்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் தலையசைத்தார். "ஆமா அண்ணே. கட்டி போவாது. அதனால செத்துப்போவீங்க. எப்போன்னு எனக்குத் தெரியாது. நோவு வந்தா நான் மருந்து தருவேன். அக்கா பக்கத்துல இருப்பாங்க." நெடுநேரம் பேசாமல் இருந்தார். சாரத்தில் கை போகிறதா என்று கவனித்தேன், போகவில்லை. பிறகு, "சிரட்டை யாரு எடுப்பா?" என்றார். மறுநாள் முதல், பால்வெட்டுக்காரரின் பள்ளிக்கூடம் போகும் மகனுக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒட்டுப்பால் உரிக்கக் கற்றுக்கொடுத்தார். பையன் கிழித்துவிட்டால் அந்தப் பழைய பெரிய சிரிப்பு வந்தது.

இடையில் சிகிச்சைக்கு யார் கையெழுத்திடுவது என்ற சிக்கலும் வந்தது. 18 வயது கடந்தவருக்கு அக்கா என்பதாலேயே அக்கா சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் இருக்கும்போதே செய்துவைப்பது நல்லது என்று மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். அதோடு, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேசுகிற வரையறுக்கப்பட்ட பாதுகாவலர், அவரைக் கலந்துகொண்டே முடிவெடுக்க வேண்டியவர். மூக்கில் குழாய் போடலாமா என்ற கேள்வி வந்தபோது குழாயை அவர் கையிலேயே கொடுத்தோம். ஒரு முனையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு ஆட்டின் பக்கம் எறிந்தார். அதைப் பதிலாகவே எழுதினோம், மருத்துவரும் ஏற்றுக்கொண்டார்.

இலையுதிர்ந்து பால்வெட்டு நின்றிருந்த பிப்ரவரியில், விடியுமுன் அவர் இறந்தார். தரையில், அதே மெத்தையில். கடைசி இரண்டு நாட்கள் கண் திறக்கவில்லை. கை மட்டும் சாரத்தின் முடிச்சைத் தேடியபோதெல்லாம் அக்கா நோட்டைப் பார்த்து, மாத்திரை விழுங்க இயலாததால் நாங்கள் தோலடியில் போட்டு வைத்திருந்த ஊசி வழியாக, சொல்லிக்கொடுத்தபடி மருந்தைச் செலுத்தியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது, பேரப்பிள்ளைகளிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது வாசலிலேயே காதில் விழுந்தது: "மாமா செத்துப்போயிட்டாரு மக்களே."

அந்த நோட்டை அக்கா எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு நோட்டுகளில் நடுவே கோடு கிழித்து இப்போது வீடுகளில் கொடுக்கிறேன். சென்ற வாரம் குளச்சல் பக்கம் ஒரு வீடு. 31 வயதுப் பெண், ஒரு சொல்லும் பேசாதவர், சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து வருகின்றன. அவருடைய அம்மா இடப்பக்கத்தை மூன்று தாள்களுக்கு எழுதி நிரப்பியிருந்தார்: எந்தப் பாட்டுக்குக் கை தட்டுவாள், சாளை மீன் பொரிக்கிற மணம் வந்தால் எங்கே வந்து நிற்பாள் என்பது வரை. வலப்பக்கத்தில் ஒரே ஒரு வரி. 'இப்பம் தலை சீவ விடமாட்டேங்கா.' செவ்வாய்க்கிழமை போகும்போது சீப்பிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.